அமெரிக்கக் கம்பெனியின் பெங்களூரு ஆபீஸில் வேலையா? இஎஸ்பிபி-யில் சேரும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இஎஸ்பிபி-யில், அதாவது சம்பளத்தில் பணம் பிடித்துக் கம்பெனிப் பங்கைத் தள்ளுபடி விலையில் வாங்கித் தரும் ஊழியர் திட்டத்தில், சேரக் கடைசி நாள் நெருங்குகிறது என்று ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்கிறது. பக்கத்து சீட்காரர் கண்ணை மூடிக்கொண்டு சம்பளத்தில் பதினைந்து சதவீதம் போடு என்கிறார், எதிர் சீட்காரர் அது வரித் தலைவலி, கிட்டேயே போகாதே என்கிறார். இரண்டு பேருமே முழுக் கணக்கைச் சொல்வதில்லை. ஹெச்ஆரைக் கேட்டால் பேரோலைக் கேள் என்பார்கள், பேரோல் புரோக்கரைக் காட்டும், புரோக்கரின் கால் சென்டருக்கு இந்திய வரி தெரியாது, ஆடிட்டருக்கோ இந்தத் திட்டம் தெரியாது. இப்படி நான்கு இடத்தில் அலைந்து நான் சேர்த்த விவரங்களை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு விலையில் பதினைந்து சதவீதத் தள்ளுபடி இருந்தால் சேருங்கள், வாங்கியதும் விற்றுவிடுங்கள், காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். ஐந்து சதவீதத் தள்ளுபடி மட்டும்தான் என்றால் பெரும்பாலோருக்கு அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. ஏன் என்று கீழே பார்க்கலாம்.

வரி விவரங்கள் 2025-26 நிதியாண்டின் விதிகளை வைத்துச் சொல்லப்பட்டவை. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் எண்களைத் தவிர்த்திருக்கிறேன்.

1. உங்கள் திட்டம் எந்த ரகம்?

இஎஸ்பிபி என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்துச் சேர்த்து, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பணத்தில் கம்பெனியின் பங்கைத் தள்ளுபடி விலையில் வாங்கித் தருவது. கம்பெனி தரும் ஆர்எஸ்யூ பங்குகள் சும்மா வருபவை, இது உங்கள் காசு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு திட்டத்தின் பிளான் டாக்குமென்ட்டைத் தரவிறக்குங்கள். ஹெச்ஆர் தரும் இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. அதில் தேட வேண்டியவை இவை.

தள்ளுபடி எவ்வளவு? அமெரிக்கச் சட்டத்தின் 423-ம் பிரிவின் கீழ் நடக்கும் திட்டங்களில் அதிகபட்சம் 15 சதவீதம். சில கம்பெனிகள் 5 அல்லது 10 மட்டும் தருகின்றன.

லுக்பேக் உண்டா? இருந்தால், காலத் தொடக்கத்தில் இருந்த விலை, வாங்கும் நாளின் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதன்மேல் தள்ளுபடி. இந்தத் திட்டத்தின் உயிரே இந்த ஒரு விதிதான்.

எந்தச் சம்பளத்தில் சதவீதம்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். அமெரிக்க ஆவணத்தில் 'பேஸ் பே' என்று இருக்கும். நம் பேஸ்லிப்பில் இருக்கும் 'பேசிக்' அதுதானா, அல்லது ஹெச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் எல்லாம் சேர்ந்த நிரந்தரச் சம்பளமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது இதில்தான் இருக்கிறது. பேரோலுக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வாங்கியபின் வைத்திருக்க வேண்டிய கட்டாயக் காலம் உண்டா? சில திட்டங்களில் சில மாதங்கள் விற்க முடியாது. அப்படி இருந்தால் கணக்கே வேறு. தள்ளுபடி உறுதி, ஆனால் அது கைக்கு வரும்வரை விலை என்ன ஆகும் என்பது உறுதியில்லை.

நடுவில் விலகலாமா, பணம் முழுதாகத் திரும்புமா? பெரும்பாலான திட்டங்களில் வாங்கும் தேதிக்குச் சில நாட்கள் முன்புவரை விலகலாம், பிடித்த பணம் வட்டியில்லாமல் திரும்பும். அந்தக் கடைசித் தேதியை இப்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கம்பெனி என்எஸ்இ, பிஎஸ்இ-யில் பட்டியலான இந்தியக் கம்பெனி என்றால் விதிகள் வேறு. செபியின் 2021-ம் ஆண்டு விதிமுறைப்படி அத்தகைய பங்கு கொள்முதல் திட்டத்தில் வாங்கிய பங்குகளுக்குப் பொதுவாகக் குறைந்தது ஓராண்டு லாக்-இன், அதாவது விற்க முடியாத காலம், உண்டு. அவர்களுக்கு இனி வரும் படிகளில் பாதி பொருந்தாது.

2. லாபம் உண்மையில் எவ்வளவு?

எளிதாக இருக்க ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் எடுக்கப்படும் சம்பளம் மாதம் 1,50,000. அதில் 10 சதவீதம், 15,000 ரூபாய், ஆறு மாதம் பிடித்தால் 90,000 ரூபாய், அதாவது 1,000 டாலர். பங்கு விலை தொடக்கத்திலும் 100 டாலர், வாங்கும் நாளிலும் 100 டாலர். 15 சதவீதத் தள்ளுபடியில் உங்களுக்கு 85 டாலர்.

1,000 டாலரில் 11 முழுப் பங்குகள் வரும், செலவு 935 டாலர். மீதி 65 டாலரைத் திட்டத்தைப் பொறுத்துத் திருப்பித் தருவார்கள் அல்லது அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்வார்கள். 11 பங்கின் சந்தை மதிப்பு 1,100 டாலர். வித்தியாசம் 165 டாலர், 14,850 ரூபாய்.

இந்த 14,850 உங்கள் சம்பள வருமானத்தில் சேரும், பெர்க்விசிட் (முதலாளி தரும் சலுகை) என்ற பெயரில். 30 சதவீத ஸ்லாபில் இருந்தால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம், வரி 4,633 ரூபாய். மிச்சம் 10,217. நீங்கள் போட்ட 84,150 ரூபாய்க்கு 12 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அது ஆறு மாதத்துக்கான 12 சதவீதம் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் மாதம் பிடித்த பணம்தான் முழுக்காலமும் உள்ளே இருக்கிறது, கடைசி மாதம் பிடித்தது சில நாள்தான். சராசரியாகப் பார்த்தால் பணம் மூன்று மாதம் முடங்குகிறது. எந்த எஃப்டி-யும் இதன் பக்கத்தில் வராது.

விலை ஏறினால்? தொடக்கத்தில் 100, வாங்கும் நாளில் 120 என்றால், லுக்பேக் இருந்தால் அதே 85 டாலருக்கு 120 டாலர் பங்கு கிடைக்கும். வரி போக லாபம் 28 சதவீதத்தைத் தொடும். விலை 80-க்கு இறங்கினால் 68 டாலருக்கு வாங்குவீர்கள், வரி போக மறுபடி அதே 12 சதவீதம் வரும். வாங்கிய உடனே விற்பவருக்கு விலை இறக்கம் பெரிய பயமில்லை என்று சொல்வது இதனால்தான்.

இனி செலவுப் பக்கம். பணத்தை இந்தியாவுக்கு அனுப்ப வயர் கட்டணம் 25 டாலர் என்று வைத்தால் 2,250 ரூபாய். வங்கி டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையிலிருந்து ஒரு சதவீதம் எடுத்தால் 990 ரூபாய். இரண்டும் போக மிச்சம் 6,977 ரூபாய், 8 சதவீதம் சொச்சம். இன்னமும் நல்ல காசுதான். ஆனால் வயர் கட்டணம் தொகை எவ்வளவானாலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். சிறு தொகை போடுபவருக்கு அது கடிக்கும், பெரிய தொகைக்குத் தெரியாது.

இதே கணக்கை 5 சதவீதத் தள்ளுபடி, லுக்பேக் இல்லாத திட்டத்துக்குப் போடுங்கள். 95 டாலருக்கு 10 பங்கு, லாபம் 50 டாலர், 4,500 ரூபாய். வரி 1,404. மிச்சம் 3,096. வயரும் வங்கி மார்ஜினும் சேர்த்து 3,150. கையில் ஒன்றும் நிற்கவில்லை, அதன்மேல் வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து காட்டும் வேலை வேறு. அந்தத் திட்டத்தில் சேராமல் இருப்பதில் எந்த இழப்பும் இல்லை.

10 சதவீதம் என்றால் லுக்பேக் இருந்தால் சேரலாம். இல்லையென்றால், பெரிய தொகை போட முடிபவருக்கு மட்டும்.

3. எவ்வளவு சதவீதம் போடலாம்

திட்டம் நல்லதென்றால் முடிந்த அளவு போடுங்கள் என்பேன், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. கடன் அட்டை பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஆறு மாதம் குறைந்த சம்பளத்தில் வாடகை, ஊருக்கு அனுப்புவது, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஓடுமா என்று பாருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு வீட்டு அட்வான்ஸே பெரும் தொகை. வந்த முதல் சுற்றில் 5 சதவீதத்தில் ஆரம்பித்து ஒரு சுற்று முழுதும் நடப்பதைப் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது. பல திட்டங்களில் நடுவில் குறைக்கலாம், ஏற்ற முடியாது.

உச்சவரம்பு ஒன்று உண்டு. 423 திட்டங்களில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 25,000 டாலர் மதிப்புள்ள பங்கு வரைதான், அதுவும் காலத் தொடக்கத்தின் சந்தை விலையில் கணக்கிட்டு.

கம்பெனி உங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பும் இந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வரம்பில் சேரும். நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்பதால் அந்த வரம்பு உங்களை இடிக்காது. ஆனால் எல்ஆர்எஸ்-ல் உங்கள் பெயரில் போகும் மொத்தப் பணம் வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) உண்டு. அமெரிக்கப் பங்குகளில் தனியாக முதலீடு செய்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து தாண்டிவிடும். அது வரிச் செலவு ஆகாது, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் அங்கே நிற்கும். உங்கள் கம்பெனி இதை எப்படிக் கையாளுகிறது என்று பேரோலைக் கேளுங்கள்.

4. புரோக்கர் கணக்கு திறக்கும்போதே முடிக்க வேண்டியவை

கம்பெனி ஏற்கெனவே ஒரு அமெரிக்கப் புரோக்கரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கும். ஈட்ரேட், ஃபிடெலிட்டி, சார்லஸ் ஷ்வாப் போன்றவை பரவலாக இருக்கின்றன. நீங்கள் கணக்கை ஆக்டிவேட் செய்தால் போதும். இந்தப் படியில் அவசரப்பட்டால் ஒரு வருடம் கழித்து அது வந்து இடிக்கும்.

முதலில் பெயர். நம் ஆட்களுக்கே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பான் கார்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயர் கடைசியில் நிற்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்லூரிக் காலத்தில் ஊரில் திறந்த வங்கிக் கணக்கில் முன்னால் ஒற்றை எழுத்து இன்ஷியல். கம்பெனி ஹெச்ஆர் சிஸ்டமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது என்று ஏதோ ஒன்றை நிரப்பி வைத்திருக்கும், புரோக்கர் கணக்கும் அதே பெயரில்தான் உருவாகும். இப்படி 'கே முருகன்', 'முருகன் கந்தசாமி', 'கந்தசாமி முருகன்' என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். டாலர் வயர் வந்து சேரும்போது பெயர் பொருந்தவில்லை என்று வங்கி நிறுத்தி வைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம், போக வரக் கட்டணம் உங்கள் தலையில்.

பான் கார்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் பெயரை விரிக்க, பான் நகலோடு கிளைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தால் நடக்கும். ஹெச்ஆர் சிஸ்டத்தில் மாற்ற டிக்கெட் போடுங்கள், அது புரோக்கரிடம் போய்ச் சேரச் சில வாரம் ஆகும். முதல் சுற்று வாங்கும் தேதிக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, டபிள்யூ-8பென். நீங்கள் அமெரிக்கப் பிரஜையோ வரிக்கணக்கில் அங்கே வசிப்பவரோ இல்லை என்று சொல்லும் படிவம். கணக்கு திறக்கும்போது ஆன்லைனிலேயே வரும். இந்திய முகவரி, வரி எண் என்ற இடத்தில் பான், ஒப்பந்த நாடு இந்தியா. இது இல்லாவிட்டால் விற்ற தொகையிலிருந்து 24 சதவீதம் அமெரிக்காவில் பிடித்துவிடக்கூடும், டிவிடெண்டுக்கு 25-க்குப் பதில் 30 சதவீதம் போகும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது காலண்டர் ஆண்டின் கடைசி நாளில் இது காலாவதியாகும். புரோக்கர் மெயில் அனுப்புவார், விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, டிவிடெண்ட் ரீஇன்வெஸ்ட்மென்ட். தானாகவே 'ஆன்' ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலாண்டுக்கு ஒருமுறை 0.13 பங்கு, 0.14 பங்கு என்று வாங்கிச் சேர்த்துவிடும். அவை ஒவ்வொன்றையும் ரிட்டர்னில் தனித்தனியாக நிரப்ப வேண்டும். ஐந்து டாலர் டிவிடெண்டுக்கு அந்தப் பாடு தேவையில்லை.

நான்காவது, பெனிஃபிஷியரி, அதாவது வாரிசு. திட்டமும் புரோக்கரும் அனுமதித்தால் உடனே பெயரைச் சேருங்கள். அமெரிக்கப் பிரஜையோ அங்கே நிரந்தரமாக வசிப்பவரோ அல்லாத ஒருவர் இறந்தால், அவருடைய அமெரிக்கச் சொத்துகளில் 60,000 டாலர் வரைதான் அங்குள்ள எஸ்டேட் வரி விலக்கு. அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கென ஒப்பந்தம் இல்லை. ஆர்எஸ்யூ-வும் இஎஸ்பிபி-யும் சேர்த்து வருடக்கணக்கில் விற்காமல் வைத்திருப்பவர்கள் இந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். எந்தப் புரோக்கர், எந்த மெயில் ஐடி என்பதையாவது வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவையுங்கள். திருநெல்வேலியில் இருக்கும் அப்பா அம்மா அமெரிக்க வரித்துறையோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் நிலை வரக்கூடாது.

5. வாங்கும் மாதத்தில் சம்பளம் குறையும்

வாங்கும் நாளின் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு டிடிஎஸ் பிடிக்கும் கடமை கம்பெனிக்கு உண்டு. சில கம்பெனிகள் வாங்கிய பங்கிலேயே சிலவற்றை விற்று வரியைக் கட்டும். பல கம்பெனிகள் அந்த மாத அல்லது அடுத்த மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கும். லுக்பேக்கில் நல்ல ஏற்றம் கிடைத்த சுற்றில் இந்தப் பிடித்தம் கணிசமாக இருக்கும். அந்த மாதம் இஎம்ஐ திரும்பாமல் இருக்கக் கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் இன்னும் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை என்றாலும் இந்த வரி வரும். நாளை விலை விழுந்தாலும் கட்டிய வரி திரும்பாது.

பேரோல் எடுக்கும் சந்தை மதிப்பு, புரோக்கர் தளத்தில் தெரியும் அன்றைய விலையோடு அப்படியே பொருந்தாமல் இருக்கலாம். அமெரிக்காவில் மட்டும் பட்டியலான பங்கு, நம் வரி விதியின் பார்வையில் இந்தியாவில் பட்டியலாகாத பங்கு. அதன் மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் சான்றளிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பேரோலிடமிருந்து பெர்க்விசிட் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய தேதி, பங்கு எண்ணிக்கை, கொடுத்த விலை, எடுத்துக்கொண்ட சந்தை மதிப்பு, டாலர் விலை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். விற்கும்போது இதுதான் ஆதாரம்.

6. எப்போது விற்பது

என் பதில், அனுமதி கிடைத்த முதல் நாள். இதற்கு எதிராக நீங்கள் கேட்கப்போகும் வாதம், இரண்டு வருடம் வைத்திருந்தால் வரி குறைவு என்பது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தள்ளுபடிக்கான வரி வாங்கிய நாளிலேயே சம்பள வருமானமாகக் கட்டி முடிந்துவிட்டது. எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் அதில் ஒரு பைசா குறையாது. வைத்திருப்பதால் வரும் சலுகை, வாங்கிய நாளின் சந்தை விலைக்கு மேல் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும்தான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் ஸ்லாப். இந்தியப் பங்குகளுக்குக் கிடைக்கும் 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது. வாங்கிய நாளிலோ மறுநாளோ விற்றால் ஏற்றமே இராது, அதனால் வரியும் ஏறக்குறைய பூஜ்யம்.

இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, திட்டம் தொடங்கி இரண்டு வருடம், வாங்கி ஒரு வருடம் காத்திருந்தால் தள்ளுபடிக்கே வரிச் சலுகை என்று நம்பிப் பலர் பங்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்க வரி கட்டுபவர்களுக்கான விதி. பெங்களூருவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம், சம்பளம், போனஸ், ஆர்எஸ்யூ எல்லாம் ஏற்கெனவே இந்த ஒரே கம்பெனியை நம்பி இருக்கிறது. 2022-ல் நாஸ்டாக் காம்போசிட் குறியீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது, அதை ஒட்டியே தொழில்நுட்பக் கம்பெனிகளில் ஆள்குறைப்பும் நடந்தது. பங்கு விழும் காலமும் வேலை போகும் காலமும் சேர்ந்தே வரும். சேமிப்பையும் அங்கேயே வைக்க வேண்டாம்.

விற்பதற்குத் தடை ஒன்று வரலாம். காலாண்டு முடிவு அறிவிப்பை ஒட்டிய நாட்களில் ஊழியர்கள் பங்கு விற்கக் கூடாது என்ற பிளாக்அவுட் சில கம்பெனிகளில் எல்லோருக்கும் உண்டு, சிலவற்றில் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும். உங்கள் வாங்கும் தேதி அதற்குள் விழுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வாங்கியதும் தானாக விற்கும் வசதி உங்கள் திட்டத்தில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்கச் சந்தை நமக்குக் கோடையில் மாலை 7 மணிக்கும், அங்கே குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கும். விற்ற மறு வர்த்தக நாளில் பணம் கணக்கில் சேரும். விற்றதற்கான டிரேட் கன்ஃபர்மேஷனை அன்றே பிடிஎஃப்-ஆகச் சேமியுங்கள்.

7. பணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது

உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கே வரும். வங்கியின் ஸ்விஃப்ட் கோடு, கணக்கு எண், கிளை முகவரி, இடைநிலை வங்கி விவரம் ஆகியவற்றை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் கோடு இருக்காது. ஊரில் இருக்கும் கிளைக்கு இல்லையென்றால் அந்த வங்கியின் எந்த ஃபாரெக்ஸ் கிளை வழியாக வரும் என்று கேளுங்கள். பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு பெங்களூருவில் ஃபாரெக்ஸ் டெஸ்க் உள்ள கிளை ஒன்றாவது இருக்கும். கணக்கை அங்கே மாற்றிக்கொண்டால் பாதி வேலை குறையும்.

முதல் முறை பணம் வரும்போது வங்கி நிறுத்தி, எதற்கான பணம் என்று கேட்கும். கிளையில் இருப்பவருக்கு இஎஸ்பிபி என்ற சொல் புதிதாக இருக்கலாம். என்னிடம் ஒரு கிளையில் இது வெளிநாட்டுச் சம்பளமா, பரிசா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள், இரண்டும் இல்லை என்று விளக்குவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. அதனால் தயாராக ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். "என் முதலாளி நிறுவனத்தின் பங்கு கொள்முதல் திட்டத்தில் என் சம்பளப் பிடித்தத்திலிருந்து வாங்கிய வெளிநாட்டுப் பங்குகளை விற்ற தொகை" என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் போதும். கூடவே டிரேட் கன்ஃபர்மேஷன், திட்டத்தில் நீங்கள் சேர்ந்ததற்கான தாள், பிடித்தம் தெரியும் ஒரு பேஸ்லிப், பான் நகல் ஆகியவற்றை இணையுங்கள்.

டாலர் விலையைப் பேரம் பேசலாம், பெரிய தொகை என்றால் கட்டாயம் பேசுங்கள். பணம் வந்தபின் வரவுக்கான ஃபாரெக்ஸ் அட்வைஸ் தாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.

வயர் கட்டணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று டாலரை மாதக்கணக்கில் புரோக்கர் கணக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். எல்ஆர்எஸ் விதிப்படி, மறுமுதலீடு செய்யாத பணத்தை 180 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும்.

8. வருமான வரி ரிட்டர்ன்

ஒரு பங்கு இருந்தாலும் ஐடிஆர்-1 கிடையாது. ஐடிஆர்-2, தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3. ஆடிட்டரிடம் கொடுப்பதானால் வெளிநாட்டுச் சொத்து நிரப்பிப் பழக்கம் உள்ளவரா என்று முதலில் கேளுங்கள். கட்டணம் சில ஆயிரம் ரூபாய் கூடும், அதையும் திட்டத்தின் செலவில் சேருங்கள்.

ஷெட்யூல் எஃப்ஏ, அதாவது ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் அட்டவணை: இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். இது நிதியாண்டை ஒட்டிப் போகாது, காலண்டர் ஆண்டை ஒட்டியே போகும். 2025-26 நிதியாண்டின் ரிட்டர்னில் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எப்போதாவது கையில் இருந்த பங்குகளைக் காட்ட வேண்டும். வாங்கிய வாரமே விற்றுவிட்டாலும் காட்ட வேண்டும். 2026 பிப்ரவரியில் வாங்கி மார்ச்சில் விற்றால், விற்ற லாப நட்டம் இந்த ரிட்டர்னில், ஷெட்யூல் எஃப்ஏ-யில் அந்தப் பங்கு அடுத்த வருட ரிட்டர்னில். ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேதி, ஆரம்ப மதிப்பு, ஆண்டின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, டிவிடெண்ட், விற்ற தொகை எல்லாம் ரூபாயில் கேட்பார்கள். எஸ்பிஐ டாலரை வாங்கும் விலைதான் (TT பையிங் ரேட்) அளவுகோல். புரோக்கர் கணக்கில் நிற்கும் பணத்துக்கும் தனி அட்டவணை உண்டு.

காட்டாமல் விட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு. அசையாச் சொத்து தவிர்த்த சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம் போனதே தவிர, காட்ட வேண்டிய கடமை போகவில்லை. அமெரிக்காவிலிருந்து கணக்கு விவரங்கள் நம் வரித்துறைக்கு வருகின்றன, 2024 நவம்பரில் வெளிநாட்டுச் சொத்து காட்டாதவர்களுக்கு மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பினார்கள்.

விற்ற கணக்கில் ஒரு பொறி. புரோக்கர் தளத்தின் லாப நட்டப் பட்டியல் பல நேரம் நீங்கள் கொடுத்த 85 டாலரையே வாங்கிய விலையாகக் காட்டும். அதை அப்படியே நிரப்பினால் ஏற்கெனவே வரி கட்டிய தள்ளுபடிக்கு இரண்டாம் முறை வரி கட்டுவீர்கள். நம் விதிப்படி வாங்கிய விலை என்பது பெர்க்விசிட்டுக்கு எடுத்துக்கொண்ட சந்தை மதிப்பு, அதாவது நம் உதாரணத்தில் 100 டாலர். 5-ம் படியில் வாங்கச் சொன்ன தாள் இதற்குத்தான். விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் டாலர் விலையை எடுக்க வேண்டும் என்பதையும் ஆடிட்டரிடம் உறுதி செய்யுங்கள்.

டிவிடெண்ட் வந்திருந்தால் முழுத் தொகையும் இங்கே வருமானம். அங்கே பிடித்த 25 சதவீதத்தை இங்கே கழிக்க ஃபார்ம் 67 தாக்கல் செய்ய வேண்டும். ரிட்டர்னைத் தாக்கல் செய்வதற்கு முன்பே இதை அனுப்பிவிடுவது வசதி.

9. வேலையை விடும்போது

வாங்கும் தேதியில் நீங்கள் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்னால் கடைசி நாள் என்றாலும் பங்கு கிடையாது, பிடித்த பணம் மட்டும் வட்டியில்லாமல் திரும்பும். மே 15 வாங்கும் தேதி என்றால் ராஜினாமா தேதியையும் நோட்டீஸ் காலத்தையும் அதைப் பார்த்து வையுங்கள். நோட்டீஸ் காலத்தில் இருப்பவரை வாங்க அனுமதிக்காத திட்டங்களும் இருக்கலாம், பிளான் டாக்குமென்ட்டில் பாருங்கள்.

புரோக்கர் கணக்கின் மெயிலும் மொபைல் எண்ணும் ஆபீஸுடையதாக இருந்தால் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். ஆபீஸ் சிங்கிள் சைன்-ஆன் வழியாக மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் தனி பாஸ்வேர்டு ஒன்று அமைத்து ஒருமுறை வீட்டிலிருந்து உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். பெர்க்விசிட் தாள்கள், எல்லா ஆண்டுக்குமான ஃபார்ம் 16, பேஸ்லிப்புகள் ஆகியவற்றையும் அப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் பேரோல் வெண்டரிடம் பழைய தாள் கேட்டு வாங்குவது வாரக்கணக்கில் இழுக்கும், ரிட்டர்ன் கடைசித் தேதி அதுவரை காத்திருக்காது.